தலை ஒரு குன்றில், உடல் ஒரு வெளியில்

புகாரெஸ்டில் நான் தங்கியிருந்த விடுதியிலிருந்து நாடாளுமன்ற மாளிகைக்கு நடந்து போகும் வழிக்குச் ‘செப்டம்பர் 13 சாலை’ என்று பெயர். தலைநகரின் நடுவே ஓடும் பெருஞ்சாலைக்கு ஒரு நாளின் பெயரைச் சூட்டியிருக்கிறார்கள் என்றால், அன்று நாட்டின் தலையெழுத்தை மாற்றிய ஏதோ ஒன்று நடந்திருக்க வேண்டும் என்று எண்ணிக்கொண்டுதான் நவம்பர் மாதக் குளிரில் அதன் ஓரமாக நடந்தேன். வழியில், தீயணைப்பு வீரர்களின் நினைவாக 1901-ஆம் ஆண்டு எழுப்பப்பட்ட சின்னம் ஒன்று நிற்கிறது. ரோமானியா முழுவதும் செப்டம்பர் 13 தீயணைப்பு வீரர்களின் நாளாகக் கொண்டாடப்படுகிறது.

1848-இல் ஐரோப்பாவெங்கும் பரவிய புரட்சி, அன்று ஒட்டோமான் பேரரசின் மேலாண்மைக்கு உட்பட்ட சிற்றரசாக இருந்த வலாக்கியாவையும் தொட்டது. ஜூன் மாதத்தில் புகாரெஸ்டில் புரட்சி அரசு ஒன்று அமைந்தது. மூன்று மாதங்களில் ஒட்டோமான் படை நகரின் எல்லைக்கு வந்துவிட்டது. புரட்சித் தலைவர்களில் பெரும்பாலோர் ஆயுதம் ஏந்தி எதிர்த்து நிற்க ஆயத்தமாக இருக்கவில்லை. செப்டம்பர் 13 அன்று ஸ்பிரிக் குன்றின் மேலிருந்த படைமுகாமை ஒட்டோமான் வீரர்கள் கைக்கொள்ள வந்த நேரத்தில், கேப்டன் பாவெல் சகனெஸ்குவின் தலைமையில் அங்கே வந்து சேர்ந்த தீயணைப்புப் படைப்பிரிவுக்கும் அவர்களுக்கும் இடையே தள்ளுமுள்ளு ஏற்பட்டு, அது துப்பாக்கிச் சூடாக முற்றியது. யாரும் திட்டமிடாத அந்தச் சண்டை சில மணி நேரம் நடந்தது. தீயணைப்பு வீரர்கள் அஞ்சாமல் போரிட்டார்கள், பலர் மடிந்தார்கள். ஆனால் நகரம் ஒட்டோமான் படையின் கைக்குப் போவதை அந்தச் சண்டையால் தடுக்க முடியவில்லை.

அந்தச் சண்டை சிறியது என்று சொன்னால் அதில் இறந்தவர்களைச் சிறுமைப்படுத்துவதாக ஆகாது. ஒரு குண்டு கூடச் சுடாமல் முடிந்திருக்கக்கூடிய ஒரு புரட்சிக்கு, ‘நாங்களும் இரத்தம் சிந்தினோம்’ என்று சொல்லிக்கொள்வதற்கு அவர்களுடைய சாவு தேவைப்பட்டது என்பதே இங்கு கவனிக்க வேண்டியது. எதிர்க்க முன்வராத தலைவர்களின் தலைமுறை, எதிர்த்து மடிந்த சில பத்துப் பேரைத் தன் மானத்தின் அடையாளமாக ஆக்கிக்கொண்டது. அந்தத் தலைமுறை இதே வேலையை இன்னும் பெரிய அளவில், இரண்டரை நூற்றாண்டுகளுக்கு முன் இறந்துபோன ஓர் அரசனை வைத்தும் செய்தது. அவனுடைய தடத்தைப் பின்பற்றி நாட்டின் குறுக்கே போய் வருவதுதான் என் பயணத்தின் நோக்கம்.

அந்த அரசனின் பெயர் மிஹாய். ரோமானியர்கள் ‘மிஹாய் விதியாசுல்’ என்கிறார்கள். ‘வீரன் மிஹாய்’ என்று பொருள். புகாரெஸ்டின் பல்கலைக்கழகச் சதுக்கத்தில், பிரெஞ்சுச் சிற்பி கரியே-பெலூஸ் வடித்து 1874-இல் திறந்து வைக்கப்பட்ட குதிரைச் சிலையில், கையில் கோடரியை உயர்த்திப் பிடித்தபடி இருக்கிறான். நாட்டின் மிக உயர்ந்த போர்க்களப் பதக்கம் 1916 முதல் அவன் பெயரைத் தாங்கி நிற்கிறது. ரோமானியக் குழந்தைகள் பள்ளியில் அவனைப் பற்றி முதலில் கற்பது ஒரே ஒரு செய்தி: 1600-ஆம் ஆண்டு வலாக்கியா, திரான்சில்வேனியா, மொல்தாவியா ஆகிய மூன்று நாடுகளையும் ஒன்றாக்கி, இன்றைய ரோமானியாவை முதன்முதலில் உருவாக்கிக் காட்டியவன் அவன். மூன்று நாடுகளும் சேர்ந்தாற்போல் அவன் கையில் இருந்தது மே இறுதி முதல் செப்டம்பர் நடு வரை, நான்கு மாதங்களுக்கும் குறைவு.

முதலில் கலுகரேனிக்குப் போனேன். புகாரெஸ்டிலிருந்து தெற்கே, தன்யூப் ஆற்றங்கரை நகரமான ஜுர்ஜுவுக்குப் போகும் சாலையில், ஏறத்தாழ முப்பது கிலோமீட்டர் தொலைவில் இருக்கும் ஊர் அது. பேருந்திலிருந்து இறங்கியபோது மூடுபனி தரையோடு ஒட்டிக் கிடந்தது. அறுவடை முடிந்த சோளக்காட்டின் தட்டைகள் மட்டும் அதற்கு மேலே தலை நீட்டிக்கொண்டிருந்தன. நேஜ்லோவ் ஆறு இங்கே அகலம் குறைந்தும் கரைகள் சதுப்பாகவும் இருக்கிறது. பெரிய படை ஒன்று தன் எண்ணிக்கையின் பலத்தைக் காட்ட முடியாமல் பாலத்தின் வாயில் நெருக்கிக்கொண்டு திணறும்படியான இடம் இது என்பதைக் கண்ணால் பார்த்த பிறகுதான், 1595 ஆகஸ்ட் 23 அன்று இங்கே என்ன நடந்திருக்கும் என்பது எனக்கு விளங்கியது. சினான் பாஷாவின் தலைமையில் வந்த ஒட்டோமான் பெரும்படையை மிஹாய் இந்தச் சதுப்பில் மறித்தான். குழப்பத்தில் பாஷாவே பாலத்திலிருந்து சேற்றில் விழுந்தார். ஒரு படைவீரன்தான் அவரைத் தூக்கிக் காப்பாற்றினான். ஒரு பகல் முழுவதும் தன்னைவிடப் பல மடங்கு பெரிய படையைத் தடுத்து நிறுத்தியது திறமையான தளபதியின் வேலை என்பதில் எனக்கு ஐயமே இல்லை.

ஆனால் அந்த இரவே மிஹாய் பின்வாங்கி மலைப்பகுதிக்குப் போய்விட்டான் என்பதையும், அதன்பின் சினான் பாஷா புகாரெஸ்டையும் தர்கோவிஷ்தேயையும் பிடித்துக்கொண்டார் என்பதையும் அந்த ஊரின் நினைவுச்சின்னம் சொல்வதில்லை. அக்டோபரில் அந்த நகரங்களை மீட்டபோது முன்னின்று வந்தது திரான்சில்வேனிய இளவரசர் சிகிஸ்மண்ட் பாத்தோரியின் படை. கலுகரேனியிலேயே மிஹாயின் பக்கம் நின்று போரிட்டவர்களில் அல்பெர்ட் கிராய் என்னும் தளபதியின் கீழ் வந்த திரான்சில்வேனியப் படையினரும் இருந்தார்கள். அவர்கள் ஹங்கேரி மொழி பேசியவர்கள். பிற்காலத்துக் கதையில் கலுகரேனி ரோமானியர்கள் தனியாக நின்று வென்ற போராக ஆகிவிட்டபோது, அதே சேற்றில் நின்ற இவர்களுக்கு அங்கே இடமில்லாமல் போயிற்று. ஆற்றங்கரையில் நின்றபோது என்னை மிகவும் உறுத்தியது இதுதான். ஒரு நிகழ்ச்சியைப் பெரிதாக்குவது என்றால் வீரர்களின் எண்ணிக்கையைக் கூட்டிச் சொல்வது என்றே அதுவரை நினைத்திருந்தேன். கூட நின்றவர்களைக் கதையிலிருந்து இறக்கிவிடுவதும் அதில் சேரும் என்பதை இங்கேதான் உணர்ந்தேன்.

மறுநாள் வடக்கு ரயில் நிலையத்தில் வண்டி ஏறி, கார்பேத்திய மலைகளைக் கடந்து, ஆல்பா யூலியாவுக்குப் புறப்பட்டேன். பயணம் பகல் முழுவதையும் விழுங்கிவிட்டது. எதிர் இருக்கையில் ஓய்வு பெற்ற வரலாற்று ஆசிரியர் ஒருவர் உட்கார்ந்திருந்தார். நான் எதற்காகப் போகிறேன் என்று தெரிந்ததும் அவர் தன் பையிலிருந்த ரொட்டியையும் பாலாடைக்கட்டியையும் எடுத்து எனக்குப் பாதி கொடுத்துவிட்டுப் பேசத் தொடங்கினார். 1950-களில் தாம் சிறுவனாகப் படித்த பாடநூலில் மிஹாய் ஒரு நிலப்பிரபு அரசன் மட்டுமே என்றும், நாடுகளை ஒன்றிணைத்த பெருமையெல்லாம் அதில் பேசப்படவில்லை என்றும் சொன்னார். மாஸ்கோவின் சொற்படி நடந்த ஆட்சிக்குத் தேசப் பெருமை பேசும் அரசன் அப்போது தேவைப்படவில்லை. 1960-களில் ஆட்சியாளர்கள் மாஸ்கோவிடமிருந்து விலகி நிற்கத் தொடங்கியதும் மிஹாய் மீண்டும் குதிரை ஏறினான். 1971-இல் அவனைப் பற்றி வெளிவந்த திரைப்படத்தில் போர்க் காட்சிகளுக்கு ஆயிரக்கணக்கான படைவீரர்களை அரசே அனுப்பிக் கொடுத்தது. கம்யூனிஸ்ட் ஆட்சித் தலைவர் சௌஷெஸ்குவின் கீழ் ஆசிரியராகப் பணிபுரிந்த காலத்தில், பழைய அரசர்கள் எல்லோரும் ஒரே வரிசையில் நின்று கடைசியில் நிற்கும் தலைவரை நோக்கிக் கை காட்டுவதுபோல் பாடம் நடத்த வேண்டியிருந்தது என்றார் அவர். 1980-இல், ரோமானியர்கள் தங்கள் மூதாதையராகக் கருதும் தாசியர்களின் அரசன் புரெபிஸ்தாவின் நாடு உருவாகி 2050 ஆண்டுகள் நிறைந்ததை நாடே விழாவாகக் கொண்டாடியதையும் நினைவுகூர்ந்தார். அந்த அரசன் ஆட்சிக்கு வந்த ஆண்டைத் துல்லியமாகச் சொல்லச் சான்று இல்லை.

“1989-இல் அந்த ஆட்சி கவிழ்ந்த பிறகு மாறியிருக்குமே?” என்று கேட்டேன். அவர் 1999-ஆம் ஆண்டைச் சொன்னார். உயர்நிலைப் பள்ளிக்காக வெளியான மாற்று வரலாற்றுப் பாடநூல்களில் ஒன்று, மிஹாய் போன்ற நாயகர்களுக்குச் சில வரிகள் மட்டுமே கொடுத்து, தேசம் என்பது கட்டியெழுப்பப்பட்ட ஒன்று என்று மாணவர்களுக்குச் சொல்ல முயன்றது. அதன் மீது தொலைக்காட்சியிலும் நாடாளுமன்றத்திலும் எழுந்த கொந்தளிப்பில் நூலை எழுதியவர்கள் ஏறக்குறைய துரோகிகளாகவே சித்திரிக்கப்பட்டார்கள். “அந்த நூலில் குறைகள் இருந்தன, ஐயா. ஆனால் அன்று எல்லோரும் குறைகளைப் பற்றிப் பேசவில்லை” என்று சொல்லிவிட்டு அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

ஆல்பா யூலியாவின் கோட்டை நட்சத்திர வடிவில், செங்கல் சுவர்களுடன், குன்றின் மேல் பரந்து கிடக்கிறது. இன்று காணும் சுவர்கள் மிஹாய் பார்த்தவை அல்ல. ஹாப்ஸ்பர்க் பேரரசர் ஆறாம் சார்லஸ் காலத்தில், 18-ஆம் நூற்றாண்டின் முதற்பாதியில் கட்டப்பட்டவை. உள்ளே பழைய கத்தோலிக்கப் பேராலயத்தில் ஹங்கேரியின் ஆட்சிப் பொறுப்பாளராக இருந்த ஹுன்யாடி யானோஷின் கல்லறை இருக்கிறது. அவரையும் ரோமானியர்கள் ‘ஹுனெதோராவின் யாங்கு’ என்று தங்கள் நாயகராகவே கொண்டாடுகிறார்கள். அதற்குச் சற்றுத் தொலைவில் ஆர்த்தடாக்ஸ் பேராலயம் இருக்கிறது. 1922 அக்டோபரில் அரசர் பெர்டினாண்டும் அரசி மேரியும் விரிவடைந்த ரோமானியாவின் மன்னர்களாக முடிசூடிக்கொள்வதற்காகவே கட்டப்பட்டது அது. இளவரசர் மாளிகையின் முன்னே, 1968-இல் நிறுவப்பட்ட ஒஸ்கார் ஹானின் குதிரைச் சிலையில் மிஹாய் இருக்கிறான்.

இந்த நகருக்குள் மிஹாய் 1599 நவம்பர் முதல் நாள் நுழைந்தான். சிபியு நகருக்கு அருகே ஷெலிம்பரில், அப்போது திரான்சில்வேனியாவை ஆண்ட கர்தினால் அந்திராஸ் பாத்தோரியை அவன் தோற்கடித்துச் சில நாட்களே ஆகியிருந்தன. ஆனால் அதற்கு நான்கு ஆண்டுகளுக்கு முன், 1595 மே மாதத்தில், இதே நகரில் கையெழுத்தான ஓர் உடன்படிக்கையின்படி அவன் திரான்சில்வேனிய இளவரசரின் கீழ்ச் சிற்றரசனாக இருக்க ஒப்புக்கொள்ள வேண்டியிருந்தது. அந்த உடன்படிக்கையைப் பற்றிக் கோட்டையில் நான் கண்ட பலகைகள் எதுவும் பேசவில்லை. வென்று நுழைந்த பிறகும் அவன் தன்னை ரோமானியர்களின் அரசன் என்று அறிவித்துக்கொள்ளவில்லை. ஹாப்ஸ்பர்க் பேரரசர் இரண்டாம் ருடால்ஃபின் பெயரிலேயே ஆள்வதாகச் சொன்னான். ஹங்கேரியப் பிரபுக்களின் சபையை அப்படியே விட்டு வைத்தான். அந்தச் சபையிடம், ரோமானியச் சிற்றூர்களின் மக்கள் பக்கத்து ஊர்களின் மேய்ச்சல் நிலத்தைப் பயன்படுத்தவும், ரோமானியக் குருமார்கள் பண்ணை வேலையிலிருந்து விடுபடவும் கேட்டுப் பெற்றான். இந்த இரண்டையும் நான் குறைவாக மதிக்கவில்லை; அந்த ஊர்களில் வாழ்ந்த ஓர் ஏழைக்கு ஆடு மேய்க்க இடம் கிடைத்தது. அதே மிஹாய்தான் வலாக்கியாவில் குடியானவர்களை அவர்கள் இருந்த நிலத்தோடு கட்டிப்போட்ட ஆணையையும் பிறப்பித்தான்.

அவன் காலத்தவர்களும் அடுத்த தலைமுறையினரும் அவனை எப்படிப் பார்த்தார்கள்? துருக்கியரை எதிர்த்த கிறித்தவ வீரனாக வலாக்கியாவின் நாளாகமங்கள் பார்த்தன. மொல்தாவியாவின் 17-ஆம் நூற்றாண்டு வரலாற்றாசிரியர் மிரோன் கோஸ்தினோ, கிறித்தவர்களிடையே பெரும் இரத்தம் சிந்தக் காரணமாயிருந்தவன் என்று எழுதினார். தன் நாட்டின் மீது படையெடுத்து வந்தவனை மொல்தாவியர் ஒருவர் வேறு எப்படிச் சொல்வார்? 18-ஆம் நூற்றாண்டில், ரோமானியர்களின் உரிமைக்காகவே வாழ்நாள் முழுவதும் எழுதிய திரான்சில்வேனியக் குரு சமுயில் மிக்கு கூட, மிஹாய் திரான்சில்வேனியாவைப் பிடித்துப் பேரரசர் ருடால்ஃபுக்குக் கொடுத்தான் என்ற அளவில்தான் பேசுகிறார். ரோமானியர்களை ஒன்றாக்கியவன் என்ற பார்வை இவர்கள் யாரிடமும் இல்லை.

அந்தப் பார்வைக்கு முழு உருவம் கொடுத்தவர் நிகொலாய் பல்ச்செஸ்கு. 1848 புரட்சியில் முன்னணியில் நின்றவர். அது நசுக்கப்பட்ட பின் நாடு கடந்து அலைந்து, காசநோயோடு மிஹாயின் வரலாற்றை எழுதிக்கொண்டே, 1852-இல் பலேர்மோவில் 33 வயதில் இறந்தவர். அவர் விட்டுச் சென்ற கைப்பிரதி கால் நூற்றாண்டு கழித்துத்தான் நூலாக வந்தது. தனக்கென்று நாடில்லாமல், தோற்ற புரட்சியின் நினைவோடு, அந்நிய மண்ணில் உட்கார்ந்து எழுதிய ஓர் இளைஞன், தான் காண விரும்பிய நாட்டை ஏற்கெனவே ஒருமுறை இருந்ததாகப் பழைய காலத்தில் கண்டுபிடித்தான். அவர் மேல் எனக்குக் கோபம் வரவில்லை. மிஹாய் குடியானவர்களை நிலத்தோடு கட்டியதை அவர் மறைக்கவில்லை, கண்டித்தே எழுதினார். கதையைப் பிற்பாடு பாடநூலாக்கியவர்கள்தான் அந்தக் கண்டனத்தை உதறிவிட்டுச் சிலையை மட்டும் வைத்துக்கொண்டார்கள்.

டிசம்பர் முதல் நாள் ரோமானியாவின் தேசிய நாள். காலையிலேயே கோட்டைக்குள் கூட்டம் நிறைந்துவிட்டது. பெரிய அண்டாக்களில் வெந்துகொண்டிருந்த பீன்ஸும் புகையூட்டிய பன்றிக்கறியும் ஆவி பறக்கத் தட்டுகளில் விழுந்தன, படைவீரர்கள் அணிவகுத்தார்கள், மூவண்ணக் கொடியைத் தோளில் போர்த்திய ஒரு தந்தை தன் மகளைத் தூக்கி மிஹாயின் சிலையைக் காட்டிக்கொண்டிருந்தார். 1918-இல் இதே நாளில், 1,228 பேராளர்கள் இங்கே கூடித் திரான்சில்வேனியா ரோமானியாவோடு இணைவதாக முடிவெடுத்தார்கள். வெளியே வெளியெங்கும் பல்லாயிரக்கணக்கான மக்கள் திரண்டு நின்றார்கள். வேறு எத்தனையோ நகரங்கள் இருந்தும் ஆல்பா யூலியாவைத் தேர்ந்தெடுத்ததற்கு மிஹாயின் நினைவு ஒரு முக்கியக் காரணம். சில மாதங்களே நீடித்த ஓர் ஆட்சி, அதைப் பற்றிச் சொல்லப்பட்ட கதையின் வழியாக, 318 ஆண்டுகள் கழித்து உண்மையான ஒரு நாட்டின் பிறப்பிடத்தைத் தீர்மானித்திருக்கிறது. கட்டுக்கதை என்று சொல்லி இதை ஒதுக்கிவிட முடியாது. அந்தக் கூட்டத்தின் நடுவில் நின்றபோது, மொழியால் ஒன்றான மக்கள் தங்கள் ஊரின் பெயரைத் தங்கள் மொழியில் சொல்லிக்கொள்ளும் நாள் வந்த மகிழ்ச்சி எனக்கும் புரிந்தது. அதே நாளை, நாட்டை இழந்த நாளாக நினைத்து வீட்டுக்குள் இருக்கும் ஹங்கேரிய மொழிக் குடும்பங்கள் இதே திரான்சில்வேனியாவில் இருக்கின்றன என்பதும் மனத்திலிருந்து அகலவில்லை. கலுகரேனியின் சேற்றில் நின்றவர்கள் அவர்களுடைய முன்னோர்கள்.

அடுத்த நாள் வடக்கே துர்தாவுக்குப் போகும் வழியில் மிரஸ்லாவ் ஊரைக் கடந்தோம். 1600 செப்டம்பர் 18 அன்று ஹங்கேரியப் பிரபுக்களும் பேரரசரின் தளபதி ஜார்ஜோ பஸ்தாவும் சேர்ந்து மிஹாயைத் தோற்கடித்தது இங்கேதான். பேருந்து அங்கே நிற்கவில்லை. துர்தாவில், 1601 ஆகஸ்டில் அதே பஸ்தாவின் ஆட்கள் அவனைக் கூடாரத்தில் புகுந்து கொன்ற வெளியில், 1977-இல் ஒரு தூண் எழுப்பியிருக்கிறார்கள். அதன் உயரம் 1601 சென்டிமீட்டர். இறந்த ஆண்டையே உயரமாக அளந்து நிறுத்திய அந்தத் தூணின் கீழே வெகு நேரம் நின்றேன். காற்றைத் தவிர அங்கே வேறு யாரும் இல்லை.

திரும்பும் வழியில் கடைசியாக தர்கோவிஷ்தேக்கு அருகே உள்ள தியாலு மடத்துக்குப் போனேன். ‘தியாலு’ என்றால் குன்று. வெளிறிய கல்லால் கட்டிய கோவிலின் உள்ளே அரை இருட்டில் பளிங்குப் பேழை ஒன்று இருக்கிறது. மிஹாயின் தலை அதில்தான் இருக்கிறது. அவனோடு போர்க்களங்களில் நின்ற ராது புஸெஸ்கு என்னும் பிரபு அதை இங்கே அடக்கம் செய்தார். முதல் உலகப் போரின்போது எதிரிகள் கையில் சிக்கிவிடக்கூடாது என்று அதை மொல்தாவியாவுக்கு எடுத்துப் போய், 1920-இல் பெரும் சடங்கோடு திரும்பக் கொண்டுவந்தார்கள்.

புஸெஸ்குவும் அவர் மனைவியும் வைத்த பழைய கல்லின் வாசகத்தை, அங்கிருந்த இளம் துறவி ஒருவர் எனக்காக மெல்ல வாசித்துப் பொருள் சொன்னார். கிறித்தவனாகிய மிஹாயின் தலை இங்கே கிடக்கிறது என்கிறது அது. அவன் வலாக்கியாவுக்கும் திரான்சில்வேனியாவுக்கும் மொல்தாவியாவுக்கும் தலைவனாக இருந்தவன் என்று மூன்று நாடுகளையும் தனித்தனியாகப் பெயர் சொல்கிறது. அவை ஒன்றாயின என்று எங்கும் சொல்லவில்லை. உடல் துர்தாவின் வெளியில் கிடக்கிறது என்கிறது. நண்பனை இழந்தவர் வெட்டுவித்த வரிகள் அவை. துறவி அந்தக் கடைசி வரியை வாசித்தபோது குரலைத் தாழ்த்திக்கொண்டார். பிறகு குனிந்து, பேழையின் ஓரத்தில் அணைந்திருந்த மெழுகுவர்த்தியை எடுத்து, பக்கத்தில் எரிந்துகொண்டிருந்த இன்னொன்றிலிருந்து அதை ஏற்றி வைத்தார்.